கீழே நிற்பவன் கை

"மாப்ளே, சாமானை இறக்கியாச்சு. இனி ஆளை இறக்குறதுதான் கஷ்டம் போல இருக்கு."

ரேடியோவில் குரல் வந்ததும் சிக்னல்காரர் சிரித்துவிட்டார். அக்கா புருஷன் பேச்சு எப்போதும் அப்படித்தான். வானத்துக்குப் பக்கத்தில், கிரேன் உச்சியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கிற மனிதர், கிடைத்த ஒரே காதில் வேடிக்கை பேசாமல் வேறு என்ன செய்வார்? கடைசிக் கம்பிக்கட்டு அலுங்காமல் குலுங்காமல் மேல்தளத்தில் போய் உட்கார்ந்திருந்தது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. மேகம் கறுத்துத் தாழ இறங்கியிருந்தது. இந்தக் காற்றில் கிரேன் ஓடக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டதால், எல்லாரும் சட்டியையும் கரண்டியையும் கழுவ ஆரம்பித்திருந்தார்கள்.

"ஏன் மாமா, ஏணி ஒடிஞ்சுபோச்சா?"

"ஏணி நல்லாத்தான் இருக்கு. கால்தான் இல்ல."

"கால் இல்லையா?"

"கண்ணுக்குத் தெரியுது. எழுந்திருக்கப் பாத்தேன், சொன்ன பேச்சு கேக்கல. இடுப்புக்குக் கீழ வேற யாரோட காலோ கிடக்குற மாதிரி இருக்கு." ரேடியோ கொஞ்சம் இரைந்தது. "விளையாட்டு இல்லடா."

சிக்னல்காரருக்குச் சிரிப்பு நின்றது.

அந்தக் கட்டட வேலையிடத்தில் கிரேன் ஆபரேட்டருக்கு மேலவர் என்று பெயர். சிமெண்ட் வருவதும் கம்பி வருவதும் அவர் மனசு வைத்தால்தான். ஆனால் மேலவருக்கு மேலே இருந்து எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்கள் கிரேனைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். பாதி இடத்தைச் சுவர் மறைக்கும், மீதியைத் தூசி மறைக்கும். சாமான் எங்கே இறங்குகிறது, அதன் கீழே எவன் தலை இருக்கிறது என்பதெல்லாம் தரையில் நிற்கிற சிக்னல்காரருக்குத்தான் தெரியும். அவர் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாக வட்டம் போட்டால், மெதுவாகத் தூக்கு. உள்ளங்கையை விரித்துக் காட்டினால், நிறுத்து. நடுவில் இன்ஜினியர் கத்தினாலும் மேஸ்திரி குதித்தாலும் ஆபரேட்டர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "கீழ நிக்கிறவன் கையை மட்டும்தான் நான் பாப்பேன். அவன் தூக்குன்னா தூக்குவேன். நிறுத்துன்னு காட்டுற வரைக்கும் நிறுத்த மாட்டேன்" என்பார். பெண் கொடுத்த வீட்டில் இத்தனை நம்பிக்கை வைத்த மாப்பிள்ளையை எங்கும் பார்க்க முடியாது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

சிக்னல்காரர் சாரம் கட்டுகிறவரைக் கூப்பிட்டார். சாரக்காரர் ஆள் எருமைக்கடா மாதிரி இருப்பார், உயரத்துக்கு அஞ்சாதவர், வாய்தான் ஓயாது. இடுப்பில் கயிற்றுச் சுருளோடு இருவரும் கோபுரத்துக்குள் ஏணியில் ஏறினார்கள். காற்றில் இரும்பு முனகியது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சின்ன இரும்பு மேடை, அதில் ஆள் நுழையும் ஓட்டை, மறுபடி ஏணி. சாரக்காரர் மூச்சு வாங்க மேடையில் நின்றபோது சிக்னல்காரர் நிற்காமல் ஏறி, முதல் ஆளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை நீட்டினார்.

ஆபரேட்டர் நாற்காலியில் ராஜா மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். கையால் ஓட்டுகிற வேலை. காலுக்கு அங்கே வேலையே கிடையாது. அதனால் கால் எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. முகத்தில் மட்டும் வேர்வை.

"முதல்ல அந்தப் பையை இறக்கு" என்றார். "சாரக்காரன் வாயன், அவன் ஏறி வர்றதுக்குள்ள."

"மாமா, இப்ப பையா முக்கியம்?"

"இறக்குடா!"

அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிரேனில் ஏறுகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஏறும் முன் தண்ணீர் குடிக்கக் கூடாது, மேலே போயும் தொண்டையை நனைப்பதோடு சரி. ஒண்ணுக்கு வருகிறது என்று நினைத்த நேரம் இறங்கி ஏற முடியுமா? கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அடக்கத் தெரிந்தவன்தான் ஆபரேட்டர். அப்படியும் முடியாத நாளுக்கு ஒரு காலிப் பாட்டில். ஏணியில் இறங்க இரண்டு கையும் வேண்டும் என்பதால், அதைத் துணிப்பையில் வைத்துக் கயிற்றில் விடுவார்கள். கீழே வாங்கிக் கொட்டிக் கழுவி வைப்பது நம்பிக்கையான ஒரு ஆளின் வேலை. இங்கே அது மச்சினன் வேலை. மேலேயிருந்து இறங்கினதைக் கீழே பேசக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் அடக்கம். இத்தனை வருஷத்தில் அந்தப் பையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன மழைக்குப் பிறகு ஒரு பாட்டில் இரண்டாயிற்று. வெயில் தொடங்கியபோது மூன்று. மூன்றிலும் அடியில் கொஞ்சம் கொஞ்சம்தான் இருக்கும். ஒருநாள் ஒன்றில் சிவப்பு கலந்திருந்தது, அப்புறமும் ஓரிரு தடவை. தண்ணி குடிக்காதவனுக்குச் சிவப்பாத்தான் போகும், உடம்புச் சூடு என்று தொழிலில் சொல்லுவார்கள். சிக்னல்காரரும் சூடு என்றுதான் நினைத்தார். நினைத்தார் என்று சொல்வது கூடப் பெரிய வார்த்தை. கொட்டினார், கழுவினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதுகு வலி எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்குக் கிரேன் முதுகு என்று பெயரே உண்டு. தைலம் தேய்த்தார்கள், இடுப்பில் பட்டை கட்டினார்கள். தெருமுனை டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைக் கடலை மாதிரி மென்று தள்ளினார். வலி இருந்தது, வேலையும் நடந்தது.

பையைக் கயிற்றில் விட்டுவிட்டுத்தான் சிக்னல்காரர் அவர் இடுப்பில் வாரைக் கட்டினார். பிறகு இறக்கம். சாரக்காரர் மேலே இருந்து கயிற்றை விட, சிக்னல்காரர் கீழே இருந்து காலை ஏந்த, மேடை மேடையாக இறங்கினார்கள். அக்கா புருஷனின் செருப்பில்லாத பாதம் தோளில் வந்து உட்கார்ந்தபோது அது கனத்தது, சில்லென்று இருந்தது, ஒரு விரல்கூட அசையவில்லை. காற்று பக்கவாட்டில் அறைந்தது. பாதி வழியில் மழைத்துளி விழ, இரும்பெல்லாம் வழுக்கத் தொடங்கியது.

"மெதுவா விடு! மெதுவா!" என்று சிக்னல்காரர் கத்தினார்.

"மெதுவாத்தான் விடறேன்" என்றார் சாரக்காரர். "ஒரு டன் கம்பியைக்கூட இவ்வளவு பதமா இறக்கினதில்ல. மேலவரே, நல்லா சாப்பிட்டிருக்கீங்க."

"உன் வீட்டுச் சோறா தின்னேன்? கயிறைப் பாருடா" என்றார் ஆபரேட்டர். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். இரண்டு கையும் ஏணிக் கம்பியை விடாமல் மாறி மாறிப் பிடித்தன. பாதி உடம்பைக் கையாலேயே இறக்கிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கட்டில் காலியில்லை. நடைபாதையில் தள்ளுவண்டியிலேயே கிடத்தினார்கள். மழைக்கு எங்கோ வண்டிகள் மோதிக்கொண்டதில், ரத்தமும் கட்டுமாக ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அக்கா ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். சட்டைக் கையில் மாவு, தலையில் முடி உதிராமல் கட்டும் வேலை வலை. வந்ததும் புருஷன் காலைத்தான் தொட்டாள்.

"தொடறது தெரியுதா?"

"நீ தொட்டா தெரியாம இருக்குமா?"

"எந்தக் காலைத் தொட்டேன், சொல்லுங்க."

அவள் காலை விட்டுக் கையை எடுத்துப் பல நொடி ஆகியிருந்தது.

இளம் டாக்டர் ஒருவர் வந்து முதுகைத் தட்டிப் பார்த்தார். நல்ல பையன்தான், கண்ணில் தூக்கம். "டிஸ்க் நழுவியிருக்கும். உக்காந்தே வேலை பாக்குறவங்களுக்கு வர்றதுதான். வலிக்கு ஊசி போடறேன். காலைல ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்" என்றார்.

"அதான் நானும் சொன்னேன். கிரேன் முதுகு" என்றார் ஆபரேட்டர். அவருக்கு நிம்மதி. பெயர் தெரிந்த நோய் பாதி குணமான நோய் என்று நினைக்கிற ஜாதி நாம். அக்காகூட ஒரு மூச்சு விட்டாள்.

பெரிய டாக்டர் வந்தது அதற்குப் பிறகுதான். நரைத்த கொண்டை போட்ட அம்மா, கையில் ஆறிப்போன தேநீர். ஓர் ஊசிமுனையால் பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். தொப்புளுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் ஆபரேட்டர் "ஆ" என்றார். டாக்டரம்மா தேநீரை ஜன்னலில் வைத்துவிட்டார்.

"வலி எப்ப அதிகம்? வேலை செய்யும்போதா, படுக்கும்போதா?"

"வேலை செய்யும்போதுதான்..."

"இல்லம்மா" என்றாள் அக்கா. "படுத்தாத்தான் அதிகம். மாசக்கணக்கா சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குறாரு. உடம்பும் இளைச்சுப்போச்சு. கேட்டா வெயில்ங்கிறாரு."

டாக்டரம்மா அவளை ஒருமுறை பார்த்தார். "ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது சிரமம்? அடிக்கடி போகுதா, சொட்டுச் சொட்டாப் போகுதா, ரத்தம் கலந்து போகுதா?"

"சிரமமா? எனக்கா?" ஆபரேட்டருக்குப் பெருமையே வந்துவிட்டது. "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எங்க தொழில்ல அடக்கிப் பழகின உடம்பு டாக்டர். நீங்க வேணா மச்சினனைக் கேளுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி மச்சினனைப் பார்த்தார். அது கெஞ்சலா மிரட்டலா என்று பிரிக்க முடியாத பார்வை.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஸ்கேன் அறையில விபத்துக் கேஸ் வரிசையா நிக்குது. டிஸ்க்குன்னா ராத்திரி தாங்கும். வேற ஏதோன்னு என் மனசு சொல்லுது. ஆனா மனசைச் சொல்லி வரிசையைத் தாண்ட முடியாது. இவருக்கு வேற ஒரு தொந்தரவும் இல்லைங்கிறீங்க."

அவர் அடுத்த தள்ளுவண்டிப் பக்கம் திரும்பினார்.

சிக்னல்காரர் அக்காவைப் பார்த்தார். சொன்னால் அக்கா முன்னால், முன்பின் தெரியாத இத்தனை பேர் முன்னால், அந்த மனிதரின் மானம் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தோளில் அந்தப் பாதத்தின் கனம் இன்னும் இருந்தது. கீழே ஆபத்து தெரிந்தும் கையைக் காட்டாமல் நிற்கிற சிக்னல்காரன் எதற்கு?

"டாக்டர்" என்றார். "அவரு பொய் சொல்றாரு."

"வாயை மூடுடா!"

"மேல பாட்டில்ல போவாரு. நான்தான் கொட்டுவேன். முன்ன ஒண்ணுதான் வரும். இப்ப மூணு வருது. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். ரெண்டு மூணு தடவை ரத்தம் கலந்து வந்துச்சு. எனக்குத் தெரியும். நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல."

"நாயே" என்றார் ஆபரேட்டர் மெதுவாக. அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா தம்பியைப் பார்த்தபடி நின்றாள். கண்ணை இமைக்கவில்லை.

டாக்டரம்மா திரும்பி வந்து ஒன்றும் கேட்காமல் திரையை இழுத்துவிட்டுக் கையுறை மாட்டினார். திரைக்குள்ளிருந்து, "ஒருக்களிச்சுப் படுங்க. பின்பக்கமா விரல் வச்சுப் பாக்கணும்... மூச்சை விடுங்க... அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று அவர் குரல் மட்டும் கேட்டது. ஆபரேட்டரின் சத்தமே இல்லை. வெளியே வந்தபோது டாக்டரம்மாவின் நடை மாறியிருந்தது. இளம் டாக்டரிடம், "இப்பவே ஸ்கேன். விபத்துக் கேஸ்ல காத்திருக்கக் கூடியவங்களை நிறுத்து. வீக்கம் குறையற ஊசியை முதல்ல போடு, ஸ்கேனுக்கு உள்ள தள்ளுறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குக் குழாய் வை" என்று சொல்லிக்கொண்டே தள்ளுவண்டியை அவரே பிடித்துத் தள்ளினார்.

மற்றவை ஸ்கேன் முடிந்த பிறகு அவர் நடைபாதையில் நின்று சொன்னவை. "புராஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பி, மூத்திரப்பைக்குக் கீழ இருக்கும். அது அவருக்குக் கல்லு மாதிரி இருக்கு. புற்றுநோய். அங்கேயிருந்து முதுகெலும்புக்குப் போய், உள்ள ஓடுற நரம்பை அழுத்துது. வழக்கமா ஒண்ணுக்குத் தொந்தரவைச் சொல்லித்தான் வருவாங்க. இவரு அதை மறைச்சிட்டாரு. அதனால நோய் முதுகு வழியா, கால் வழியா வந்து கதவைத் தட்டியிருக்கு. முதுகை மட்டும் பாத்துட்டு இருந்தா முதுகுலயே நின்னிருப்போம்."

"குணமாகுமாம்மா?" என்றாள் அக்கா.

"எலும்புக்குப் போனதை அடியோட எடுக்க முடியாது. கட்டிப்போட்டு வைக்கலாம். வருஷக்கணக்கா வச்சிருக்கோம். இந்த நோய் ஆம்பளைச் சுரப்பைத் தின்னு வளர்றது. அந்தச் சுரப்பை நிறுத்த ஊசி போட்டாச்சு. முதுகுக்குக் கதிர்வீச்சு வைக்கிறோம். எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியாம இருந்திருந்தா, தேடறதுலயே நாள் போயிருக்கும். கால் திரும்புமான்னு மட்டும் இப்ப கேக்காதீங்க. கொஞ்ச நாள்ல காலே சொல்லும்."

அவர் போன பிறகு அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். சிக்னல்காரர் தேநீரும் ஒரு பன்னும் வாங்கி வந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"போன மழைக்கு அப்புறம் இருந்து."

"ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போவாரு. பகல்ல குடிக்காத தண்ணியை எல்லாம் வீட்டுக்கு வந்து குடிக்கிறாரே, அதான்னு நினைச்சேன். உனக்கு ஒரு பாதி தெரியும், எனக்கு ஒரு பாதி தெரியும். ஒரு வேளை சாப்பிட உக்காந்தப்பவாவது பேசியிருக்கலாமேடா."

"மேல இருந்து இறங்கினதைக் கீழ பேசக்கூடாதுக்கா."

"அந்தச் சட்டத்துல தீய வை" என்றாள் அக்கா. அப்புறம்தான் அழுதாள். அழுதுகொண்டே பன்னை இரண்டாகப் பிய்த்துத் தம்பியிடம் ஒரு பாதியைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சிக்னல்காரருக்குக் கிரேன் ஏணியை விடச் செங்குத்தாக இருந்தன. வேலை முடிந்ததும் தூசிச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வருவார். ஆபரேட்டர் அக்காவிடம் பேசுவார், தாதியிடம் பேசுவார், பக்கத்துக் கட்டில் கிழவரிடம் அரசியல்கூடப் பேசுவார். மச்சினன் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். கட்டிலின் பக்கத்தில் மூத்திரப் பை ஊர் பார்க்கத் தொங்கியது. அது நிறைந்தால் சிக்னல்காரர் பேசாமல் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவார். ஒளிவு மறைவு இல்லாத வேலையாகிவிட்டது அது. அதுதான் ஆபரேட்டருக்குப் பொறுக்கவில்லை என்று தோன்றியது.

முதுகு வலி குறைந்திருந்தது. படுத்துத் தூங்கினார். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று தாதி விரட்டியதில் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது. கால் மட்டும் வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் டாக்டரம்மா வந்து, "கட்டை விரலைத் தூக்குங்க" என்பார். போர்வை அசையாது. "முயற்சி பண்ணுங்க" என்பார். "பண்ணிட்டுத்தான் இருக்கேன், எங்கேன்னு தெரியல" என்பார் ஆபரேட்டர். "விரல் இருக்கிற திசையே தெரியலம்மா. இருட்டுல சுவிட்சு தேடற மாதிரி இருக்கு." ஒவ்வொரு நாளும் அந்த அம்மா கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்துவிட்டுப் போனார். நாள் தள்ளத் தள்ள நம்பிக்கை குறையும் என்று நடைபாதையில் அக்காவிடம் சொல்லியிருந்தார்.

விடுமுறை நாள் ஒன்றில் சிக்னல்காரர் காலையிலேயே போயிருந்தார். டாக்டரம்மா கேட்டார், காத்திருந்தார், ஏதோ எழுதினார். ஆபரேட்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "விடுங்கம்மா. தெரியாத இடத்துல எப்படி இறக்குறது?" என்றார்.

சிக்னல்காரர் எழுந்தார். ஏன் எழுந்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் போர்வையை விலக்கினார். ஆபரேட்டரின் கண்ணுக்கு நேராகக் காலை அகட்டி, தளத்தில் நிற்பதுபோல் நின்றார். வலது கையை உயர்த்தினார். ஆள்காட்டி விரல் மேலே. சின்னதாக ஒரு வட்டம். மெதுவாகத் தூக்கு.

ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தார். மூடவில்லை. இருபது வருஷப் பழக்கம், அந்தக் கை காற்றில் நிற்கும்போது அவரால் கண்ணை மூட முடியாது. கை சுற்றிக்கொண்டே இருந்தது. கூரையிலிருந்து பார்வை இறங்கி அந்த விரலில் நின்றது. தாடை இறுகியது. கிரேன் பிடியில் இருப்பதுபோல் இரண்டு கையும் கட்டில் கம்பியைப் பிடித்தன.

இடது கால் கிடந்தபடி கிடந்தது. வலது கால் கட்டை விரலின் நுனி லேசாகத் துடித்தது. பிறகு, காற்றில்லாத நாளில் கொக்கி மேலே போவதுபோல, மெல்ல, மெல்ல எழுந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா பேனாவை மூட மறந்து நின்றார். சிக்னல்காரரின் கை சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணீர் மூக்கு நுனிவரை வழிந்து நின்றது, துடைக்க இன்னொரு கை இருப்பதும் அவருக்கு நினைவில்லை. கால் கட்டை விரல் நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. ஆபரேட்டரின் நெற்றியில் வேர்வை பூத்தது.

"டேய் மாப்ளே" என்றார். "நிறுத்துன்னு காட்டுடா. எவ்வளவு நேரம் தூக்கிட்டே இருக்கிறது?"